பல் தெரியாத படம்

எம்.ஆர்.ஐ. படத்தில் பல் தெரியாது. வாய்ப் பகுதியின் படத்தை முதல்முறை பார்க்கும் பல் மருத்துவ மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கேதான் திகைத்து நிற்பார்கள். "டாக்டர், பல்லெல்லாம் எங்க போச்சு?" என்பார்கள். நாக்கு தெரியும், கன்னத்துச் சதை தெரியும், தாடை எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு மஜ்ஜை பளிச்சென்று தெரியும். பல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கன்னங்கரேலென்று வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்புக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று ஓடும். அதுதான் பற்கூழ், நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற இடம். எக்ஸ்ரேயில் பல் வெள்ளை, கூழ் கறுப்பு. இங்கே எல்லாம் தலைகீழ்.

கதிரியல் படித்து, தலை, கழுத்துப் பகுதிப் படங்களைப் பார்ப்பதே வேலையாகிப்போனவர்களுக்கு இந்தக் கறுப்பு பழகிவிடும். ஆனால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கருவி தேடுவது தண்ணீரையும் கொழுப்பையும். சரியாகச் சொன்னால் அவற்றில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை. காந்தப் புலத்தில் அந்தக் கருக்கள் ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சுழலும். நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலும் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தத்தில் அது கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ அலையை விட்டுக் கருக்களைக் கலைத்தால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னலிலிருந்து படம் கட்டலாம் என்று பால் லாட்டர்பர் 1973-இல் எழுதிக் காட்டினார். அவருக்கும், அதை வேகமாகச் செய்ய வழி கண்ட பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல்லின் எனாமலில் எடைக் கணக்கில் 96 சதவீதம் தாதுப்பொருள். மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரும் தாதுப் படிகங்களோடு இறுகிக் கிடக்கிறது. அதன் சிக்னல் மில்லி விநாடியில் ஒரு சிறு பங்குக்குள் செத்துவிடும். வழக்கமான முறைகளில் கருவி காது கொடுத்துக் கேட்கத் தொடங்குவதற்கே சுமார் 10 மில்லி விநாடி ஆகிவிடும். அதற்குள் பல் பேசி முடித்திருக்கும். எலும்பின் கெட்டியான வெளிப்புறத்துக்கும் இதே கதைதான்.

இதனால் பல் மருத்துவத்தில் பல காலம் எம்.ஆர்.ஐ.க்கு மரியாதை இல்லை. ரோன்ட்ஜென் 1895 கடைசியில் எக்ஸ்ரேயை அறிவித்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் வாய்க்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து 25 நிமிடம் அசையாமல் இருந்து பல்லின் படத்தை எடுத்துவிட்டார். பல்லுக்கும் எக்ஸ்ரேக்கும் அவ்வளவு பழைய உறவு. சொத்தைக்கு, வேர் முனைச் சீழுக்கு, புதைந்து கிடக்கும் ஞானப்பல்லுக்கு இன்றைக்கும் எக்ஸ்ரேயும், முழுத்தாடையை ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி.யும், முப்பரிமாணப் படம் தரும் சி.பி.சி.டி.யும்தான் முதல் கை. அதை மாற்றச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ.யின் பலம் பல்லைச் சுற்றியிருக்கும் உயிருள்ள திசுவில் இருக்கிறது. அதில் முதலிடம் தாடை மூட்டுக்கு.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு எலும்பு முனை நகரும். அது முதலில் நின்ற இடத்திலேயே சுழலும். பிறகு குழியை விட்டே வெளியேறி முன்னால் வழுக்கி இறங்கும். எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவில் ஒரு டிஸ்க் இருக்கிறது. நடுவில் இடுங்கி, முன்னும் பின்னும் தடித்து, பக்கவாட்டில் பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும். எலும்பு முனை நகரும்போது இதுவும் கூடவே நகர வேண்டும். நகரும்வரை யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "கொட்டாவி விட்டேன் டாக்டர், அதோட வாய் மாட்டிக்கிச்சு" என்று வருகிறவர்களுக்கு அது தெரியவரும். ஓ.பி.ஜி. எடுத்தால் எலும்பு நன்றாகத்தான் இருக்கும். சி.டி.யிலும் அப்படியே. டிஸ்க்கை நேரடியாகக் காட்ட எம்.ஆர்.ஐ.யை விட்டால் ஆள் இல்லை.

இந்தப் படத்தை எடுப்பது பொத்தானை அமுக்குகிற வேலை இல்லை. இரண்டு காதுக்கும் முன்னால், சிக்னலைப் பிடிக்கும் சிறிய காயில் வைக்க வேண்டும். தாடை முனையின் அச்சு தலையின் குறுக்குக் கோட்டுக்கு இணையாக இருக்காது. உள்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்கே இடம் வலம், அந்தச் சாய்வு மாறும். முதலில் ஒரு குறுக்குவெட்டுப் படம் எடுத்து, அதில் ஒவ்வொரு முனையின் அச்சையும் பார்த்து, அதற்குச் செங்குத்தாக 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளைப் போட வேண்டும். சோம்பேறித்தனமாக நேர்கோட்டில் வெட்டிவிட்டால் நல்ல டிஸ்க்கும் இடம் மாறினது போலத் தெரியும். மாறினது சரியாக இருப்பது போலவும் தெரியும். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து.

வாயை மூடி ஒரு தொகுதி, திறந்து ஒரு தொகுதி. மூடியிருக்கும்போது பல்லோடு பல் லேசாகத் தொட்டிருக்க வேண்டும். நறநறவென்று கடித்துக்கொண்டால் மூட்டின் நிலை மாறும். திறந்த நிலைக்கு விலை கூடிய கருவிகள் விற்கிறார்கள். ஆனால் 10 அல்லது 20 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் குழல் போதும். பல்லிடையில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னால் வாய் அந்த அளவில் நிற்கும். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நோயாளியின் வலிதான் தீர்மானிக்கும். வாய் பூட்டிக்கொண்டு வந்திருப்பவரிடம் முழுசாகத் திறக்கச் சொல்லி வற்புறுத்துவது கொடுமை. அந்தப் படத்தால் பயனும் இல்லை. அவரால் எவ்வளவு முடிகிறதோ அந்த நிலையில் டிஸ்க் என்ன செய்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அடுத்த எதிரி எச்சில். வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்தால் சில நிமிடங்களில் தொண்டையில் எச்சில் தேங்கும். விழுங்கினால் நாக்கும் தாடையும் அசைந்து படம் கலங்கிப்போகும். பழகிய டெக்னீஷியன் உள்ளே அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "அக்கா, எச்சி ஊறுனா ஓரமா வழிய விட்டுடுங்க, துண்டு வச்சிருக்கேன், வெக்கப்படாதீங்க. டபடபன்னு சத்தம் நின்னப்புறம் முழுங்கிக்கலாம்." இந்த ஒரு வாக்கியம் செய்கிற வேலையைப் பல லட்ச ரூபாய் மென்பொருள் செய்யாது. முகத்துப் படம் நன்றாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் படுத்திருப்பவரின் பயத்தைப் பொறுத்தது.

இனி படம். வாய் மூடியிருக்கும்போது டிஸ்க்கின் தடித்த பின்விளிம்பு, எலும்பு முனையின் உச்சியில், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அது 10 மணிக்கோ 9 மணிக்கோ முன்னால் சரிந்திருந்தால் இடம் மாறியிருக்கிறது. வாயைத் திறந்ததும் எலும்பு முனை டிஸ்க்கின் பின்விளிம்பைத் தாண்டி அதன் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் "டொக்" என்ற சத்தம் கேட்கும். டிஸ்க் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சேராமல் எலும்புக்கு முன்னால் கசங்கி மடிந்து கிடந்தால் சத்தம் இருக்காது, வாய் பூட்டிக்கொள்ளும். சத்தம் நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் சில நாளில் வாயைத் திறக்க முடியாமல் வருவது இதனால்தான். நீரை வெள்ளையாகக் காட்டும் டி.2 படத்தில் மூட்டுக்குள் நீர் தெரிந்தால் அழற்சி ஓடுகிறது. சிலருக்கு டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் மென்திசு நாளாக நாளாக இறுகிக் கறுத்து, தானே ஒரு போலி டிஸ்க்காக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். உடம்பு தனக்குத்தானே செய்துகொண்ட அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலியோ தொந்தரவோ எதுவும் இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் இடம் மாறியிருக்கும். ஆகவே "டிஸ்க் டிஸ்பிளேஸ்மென்ட்" என்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டாலே அது நோய் ஆகிவிடாது. வலி இல்லாமல் சத்தம் மட்டும் கேட்கிறவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. எடுத்தால் இல்லாத நோய்க்குக் கவலை வாங்கிக்கொண்டு போவார். வாய் பூட்டிக்கொண்டவர், மருந்துக்கும் பல்லில் மாட்டும் ஸ்பிளின்டுக்கும் கேட்காத வலிக்காரர், மூட்டில் ஊசியோ அறுவையோ செய்யப் போகிறவர், இவர்களுக்கு எடுங்கள். சிறுவயது மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்கும் எடுங்கள். அவர்களுக்கு வலியே இல்லாமல் தாடை மூட்டு அரிக்கப்பட்டு, முகவாய் வளராமல் பின்தங்கிவிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அடுத்தது நரம்பு. முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பில் வரும் வலி, பல் வலி என்று வேடம் போட்டு வரும். தண்ணீர் பட்டால், காற்று பட்டால், பல் துலக்கினால், கன்னத்தில் சுரீரென்று கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. சில விநாடியில் போய்விடும். வலிக்கிற இடத்தில் ஒரு பல் இருக்கத்தானே செய்யும்? அதற்கு ரூட் கெனால் நடக்கும். வலி போகாது. பல்லை எடுப்பார்கள். அப்போதும் போகாது. பக்கத்துப் பல் மேல் சந்தேகம் விழும். ஒரே பக்கத்தில் வரிசையாகக் கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டு, இன்னும் அதே வலியோடு மேசைக்கு எதிரில் உட்காருகிறவர்களைப் பார்ப்பது இந்தத் தொழிலின் பெரிய வருத்தம்.

அந்த வலியின் வேர் வாயில் இல்லை. மூளைத் தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கும். சிறுமூளைக்குப் போகும் மேல் தமனிதான் அடிக்கடி மாட்டுகிற ஆள். வால்டர் டான்டி 1934-இலேயே இதைக் குறிப்பிட்டார். பீட்டர் ஜானெட்டா 1960-களில் நுண்ணோக்கியின் கீழ் அந்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவையை வளர்த்தெடுத்தார். இன்று சிஸ், ஃபியஸ்டா என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அழைக்கப்படும் முறையில், ஒரு மி.மீ.க்கும் குறைந்த வெட்டுகளில், மூளைநீர் வெள்ளையாகவும் அதில் மிதக்கும் நரம்பும் குழாயும் கறுப்பாகவும் தெரிகின்றன. எந்த இடத்தில் தொடுகிறது, நரம்பு வளைந்திருக்கிறதா, தட்டையாகிச் சன்னமாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது வலி இல்லாதவர்களிடமும் உண்டு. ஆகவே படத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. வலியின் கதை முதலில், படம் பிறகு. சிலரிடம் குழாய்க்குப் பதிலாகக் கட்டியோ மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் நோயின் தடமோ இருக்கும். அதைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே படம் கட்டாயம்.

வாய்ப் புற்றுநோயைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் முன்னுரை தேவையில்லை. புகையிலையை அதக்கும் கன்னத்துப் பள்ளத்தில்தான் நம்மவர்களுக்கு அது அதிகம். நாக்குக் கட்டியில் இன்று முக்கியமான அளவு ஆழம். 2018 முதல் நடைமுறையில் உள்ள, புற்றின் நிலையை வகுக்கும் முறையில் 5 மி.மீ., 10 மி.மீ. என்ற இரண்டு கோடுகளைத் தாண்டினால் நிலை மாறும். ஆழம் கூடினால் கழுத்து நெறிகளுக்குப் பரவும் வாய்ப்பும் கூடும். கழுத்து நெறிகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது உயிரைக் காக்கிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் ஆழம் நுண்ணோக்கியில் அளப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். வெட்டி எடுத்த திசு சுருங்கும், உயிருள்ள திசுவில் வீக்கம் இருக்கும். தாடை எலும்பில், கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி.1 படத்தில் வெளிச்சமாக இருக்க வேண்டிய மஜ்ஜை கறுத்திருந்தால் புற்று உள்ளே இறங்கியிருக்கலாம். பக்கத்தில் ஒரு சீழ்ப் பல் இருந்தாலும் அதே கறுப்பு வரும். இதனாலேயே வாயைத் திறந்து பார்க்காத கதிரியல் மருத்துவர் வாய்ப் புற்று ரிப்போர்ட் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சையைச் சொல்லாமல் போக முடியாது. மேல்தாடைப் பல் ஆடுகிறது, அண்ணம் வலிக்கிறது என்று பல் மருத்துவரிடம் முதலில் போனவர்கள் பலர். அந்தப் பூஞ்சை ரத்தக்குழாய்களின் வழியே ஊடுருவும்; எலும்பை அரிக்காமலேயே அப்பால் கண்குழிக்கும் மூளைக்கும் தாவிவிடும். சி.டி.யில் எலும்பு முழுசாக இருக்கும். ரத்தத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மினுங்க வேண்டிய மூக்குச் சவ்வு ரத்த ஓட்டம் நின்று கறுப்பாகக் கிடக்கும். எதுவரை வெட்டுவது என்று அறுவை மருத்துவர் கேட்டதற்கு அந்தக் கறுப்பின் எல்லைதான் பதிலாக இருந்தது.

இப்போது பல்லுக்கே திரும்புவோம், ஏனென்றால் அங்கேயும் நிலைமை மாறிவருகிறது. சிக்னல் செத்துப்போவதற்கு முன்பே பிடித்துவிடும் முறைகள் வந்திருக்கின்றன. அதிகுறும் எக்கோ முறையில் காத்திருப்பு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்வுட் குழுவினர் உருவாக்கிய ஸ்விஃப்ட் முறையில் அலையை அனுப்புவதும் கேட்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 2011-இல் அவர்கள் இதைக் கொண்டு எடுத்த படங்களில் எனாமலும் அதற்கு அடியிலிருக்கும் டென்டினும் தலைகாட்டின. இன்னொரு லாபம், சத்தம் குறைவு. எம்.ஆர்.ஐ.யின் இடிச்சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சொத்தை விழுந்த இடத்தில் தாதுப்பொருள் கரைந்து நுண்துளைகளில் ஈரம் ஏறுவதால், எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் சொத்தை இங்கே வெளிச்சமாகத் தெரிகிறது. வேர் முனையைச் சுற்றிய எலும்பில் 30 முதல் 50 சதவீதம் தாதுப்பொருள் கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரே அதைக் கண்டுபிடிக்கும். மஜ்ஜையில் நீர் கோத்தவுடனேயே எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும். வேர் முனையில் இருப்பது நீர்ப்பையா, அழற்சித் திசு திரண்ட கிரானுலோமாவா என்று எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ.யில் நீர்ப்பை ஓரம் மட்டும் மினுங்கும், கிரானுலோமா முழுசாக மினுங்கும். ஞானப்பல் எடுக்கும் முன் கீழ்த்தாடை நரம்பைக் கால்வாயின் நிழலாக அல்லாமல் நரம்பாகவே காட்டலாம். எலும்புக்கும் கதிர்வீச்சு இல்லாத வழி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கேரன் எலியும் அவருடைய சகாக்களும் 2012-இல் விவரித்த கறுப்பு எலும்பு முறையில், சதையெல்லாம் ஒரே சாம்பல் நிறமாக, எலும்பு மட்டும் கறுப்பாகப் பிரிந்து நிற்கும். முகம், மண்டை வளர்ச்சிக் கோளாறுள்ள குழந்தைகளைத் திரும்பத் திரும்ப சி.டி.யில் போடாமல் இருக்க இது ஒரு நல்ல வழி.

பெரிய தலைவலி உலோகம். நாம் கிளிப் என்று சொல்கிற பல் கம்பி, ஸ்டீல் என்றால், முன்வாய் முழுவதையும் ஒரு கறுப்புப் பூதம் விழுங்கிவிடும். கோபால்ட் குரோமியக் கேப் அதற்கு அடுத்தபடி. டைட்டானியம் இம்ப்ளான்ட் கொஞ்சமாகக் கெடுக்கும். அமால்கம் அடைப்பு அநேகமாகச் சாது. செராமிக் எதுவும் செய்யாது. காந்தத்தின் வலிமை கூடக்கூட இந்தக் கெடுதலும் கூடும். இதனால்தான் குறைந்த வலிமைக் காந்தங்கள் மேல் இப்போது பல் மருத்துவர்களின் கண் விழுந்திருக்கிறது. சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸின் 0.55 டெஸ்லா கருவியில் உலோகக் கெடுதல் குறைவு, குகை வாய் 80 செ.மீ. அகலம், ஹீலியம் ஒரு லிட்டருக்கும் கீழே. டென்ட்ஸ்ப்ளை சிரோனாவோடு சேர்ந்து அதைப் பல் மருத்துவத்துக்கென்றே, வாய்க்கு ஏற்ற காயிலோடு வடிவமைத்திருக்கிறார்கள். வலிமை குறைந்தால் சிக்னலும் குறையும்; அந்தக் குறையைச் செயற்கை நுண்ணறிவு இரைச்சலை நீக்கி ஈடுகட்டுகிறது. அங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மென்பொருள் துடைத்துக் கொடுத்த படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அரை மி.மீ. விரிசலை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டதா என்று சந்தேகப்பட நாம் மறக்கக் கூடாது. அரை மி.மீ.யில் சண்டை நடக்கும் இடம் பல். சி.பி.சி.டி.யின் கூர்மையை எம்.ஆர்.ஐ. இன்னும் எட்டவில்லை, விலையிலும் நேரத்திலும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

பல் மருத்துவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சீட்டில் "எம்.ஆர்.ஐ. ஃபேஸ்" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை நாளாக, வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது, எது தெரிந்தால் உங்கள் சிகிச்சை மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள். மூட்டுக்கு ஒரு முறை, நரம்புக்கு வேறு முறை, புற்றுக்கு வேறு முறை; கேள்வி தெரியாமல் எடுத்தால் மூன்றுக்குமே பதில் கிடைக்காது. ஸ்டீல் கம்பியைக் கழற்ற முடிந்தால் கழற்றி அனுப்புங்கள். நோயாளியாக வருகிறவர்கள் பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, காந்தம் வைத்த பல்செட், சிறுநீரகக் கோளாறு எது இருந்தாலும் உள்ளே போகும் முன் சொல்லிவிடுங்கள். கரண்ட் அடிப்பது போன்ற முகவலி விநாடிக் கணக்கில் வந்து வந்து போகிறது, பல்லில் காரணம் ஒன்றும் தெரியவில்லை என்றால், பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.